மனந்திரும்பியவனும் மறைந்துபோனவளும்

‘டெட் மேன் வாக்கிங்’ படத்தில் அருட்சகோதரி ஹெலன் முதன்முறையாகச் சிறைக்குள் நுழையும்போது உலோகச் சோதனைக் கருவி அலறுகிறது. காரணம், அவர் கழுத்தில் தொங்கும் சிலுவை. அதைத் தாண்டி உள்ளே போனால் சிறையின் பாதிரியார் உட்கார்ந்திருக்கிறார். அங்கியும் முக்காடும் இல்லாமல் சாதாரண உடையில் வந்திருக்கும் கன்னியாஸ்திரியைப் பார்த்து, துறவற உடை எங்கே என்று கேட்கிறார். இங்கே இருப்பவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று எச்சரிக்கிறார். சாவதற்கு முன் அவனை அருட்சாதனங்களைப் பெற வைத்துவிட்டால் போதும், உங்கள் வேலை அவ்வளவுதான் என்று வரம்பும் கட்டிவிடுகிறார்.

சிறையில் மதப்பணி என்றால் என்ன, அதைச் செய்யத் தகுதியுள்ளவர் யார், ஒரு கைதி திருந்திவிட்டான் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? இந்த மூன்று கேள்விகளுக்கும் நிறுவனம் வைத்திருக்கும் பதில் அந்தச் சில நிமிடங்களிலேயே வந்துவிடுகிறது. மீதிப் படம் முழுக்க அந்தப் பதிலோடு மல்லுக்கு நிற்கிறது. பல இடங்களில் வெல்லவும் செய்கிறது. ஆனால் ஒரு முக்கியமான இடத்தில் பழைய கதைக்கே திரும்பிவிடுகிறது. ஒரு பெண்ணின் உடலின் மீது நடந்த குற்றம், ஓர் ஆணின் ஆன்மா மீட்கப்படும் கதையாக மாறிவிடுகிறது. அந்த மாற்றம் எப்படி நடக்கிறது என்று பார்ப்பதற்காகத்தான் முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய இந்தப் படத்தையும் அதற்கு மூலமான புத்தகத்தையும் மறுபடியும் எடுத்துக்கொள்கிறேன்.

பதவி இல்லாத பணி

ஹெலன் பிரேஜான் 1939இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பிறந்தவர். 1957இல் துறவற சபையில் சேர்ந்தார். எண்பதுகளின் தொடக்கத்தில், நியூ ஆர்லியன்ஸ் நகரில் கறுப்பின ஏழைகள் வாழ்ந்த செயின்ட் தாமஸ் குடியிருப்புக்குக் குடிபோனார். அங்கிருந்தபோது, 1982இல், மரண தண்டனைக் கைதி ஒருவருக்குக் கடிதம் எழுத முடியுமா என்று யாரோ கேட்க, சரி என்றார். அந்தக் கைதி எல்மோ பேட்ரிக் சோனியர். 1977இல் 17 வயதுப் பையனையும் 18 வயதுப் பெண்ணையும் தம்பியோடு சேர்ந்து கடத்திக்கொண்டுபோய், அந்தப் பெண்ணைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கி, இருவரையும் கொன்ற வழக்கில் தண்டிக்கப்பட்டவன். தம்பிக்கு ஆயுள் தண்டனை. அண்ணனை 1984 ஏப்ரல் 5 அன்று அங்கோலா சிறையின் மின்சார நாற்காலியில் கொன்றார்கள். அதே ஆண்டு டிசம்பர் 28 அன்று அதே நாற்காலியில் ராபர்ட் லீ வில்லி. 1980இல் ஃபெய்த் ஹாத்வே என்ற 18 வயதுப் பெண்ணை வன்புணர்ந்து கொன்றவன் அவன். இராணுவத்தில் சேரக் கிளம்பிக்கொண்டிருந்த பெண் அவர். இந்த இரண்டு ஆண்களுக்கும் ஆன்ம வழிகாட்டியாக இருந்து, இருவருடைய சாவையும் கண்ணால் பார்த்தவர் பிரேஜான்.

அந்த அனுபவம் 1993இல் புத்தகமானது. 1995இல் டிம் ராபின்ஸ் அதைப் படமாக்கினார். பிரேஜானாக நடித்த சூசன் சரண்டனுக்குச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் கிடைத்தது. 2000இல் இதே கதை சான் பிரான்சிஸ்கோவில் ஆப்பராவாகவும் மேடையேறியது.

பிரேஜான் சிறையின் பாதிரியார் அல்ல என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபை பெண்களுக்குக் குருப்பட்டம் தருவதில்லை. ஆகவே அவரால் பாவசங்கீர்த்தனம் கேட்க முடியாது, திருப்பலி நிறைவேற்ற முடியாது. அவருக்குக் கிடைத்தது ‘ஆன்ம வழிகாட்டி’ என்ற இடம். மரண தண்டனைக் கைதி தானே தேர்ந்துகொள்ளும் ஒருவருக்குச் சிறை விதிகள் தரும் இடம் அது. சிறைப் பாதிரியாருக்கு அரசாங்கம் சம்பளம் தருகிறது. ஒரு மனிதனைக் கொல்லப்போகும் நிறுவனத்தின் ஊழியராக இருந்துகொண்டே அவனுக்கு ஆறுதலும் சொல்ல வேண்டியவர் அவர். பிரேஜானுக்குச் சம்பளமும் இல்லை, பட்டமும் இல்லை. சிறை நிர்வாகத்துக்கு அவர் கடமைப்பட்டவர் அல்ல. பெண் என்பதால் சபை மூடிய கதவு, சிறைக்குள் அவருக்கு ஒரு சுதந்திரத்தைத் தந்தது. இந்த முரண்தான் புத்தகத்தின் பலம்.

பெண்கள் சிறைக்குள் மதத்தின் கைபிடித்து நுழைந்த வரலாறு பழையது. 1813இல் குவேக்கர் பெண்மணி எலிசபெத் ஃப்ரை லண்டன் நியூகேட் சிறைக்குப் போனார். குழந்தைகளோடு அடைக்கப்பட்டுக் கிடந்த பெண் கைதிகளுக்குத் துணிமணியும் பள்ளிக்கூடமும் தையல் வேலையும் கொண்டுபோனார், விவிலியமும் வாசித்தார். பெண் கைதிகளுக்குப் பெண் காவலர்கள்தான் இருக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். 1823ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சிறைச் சட்டம் அதை ஏற்றது. பாதிரியார்கள் ஒழுங்காக வந்துபோக வேண்டும் என்பதையும் அதே சட்டம் கட்டாயமாக்கியது. பெண் கைதிகளுக்கு உண்மையான பாதுகாப்பு கிடைத்தது. கூடவே ஓர் இலட்சணமும் கிடைத்தது: திருந்திய பெண் என்றால் குனிந்த தலை, கையில் ஊசிநூல், மடியில் வேதப்புத்தகம். ஆணுடைய திருந்துதல் அவன் ஆன்மாவின் பயணமாகப் பேசப்படும்போது, பெண்ணுடைய திருந்துதல் அவள் நல்ல பெண்ணாகத் திரும்பிவருவதாகப் பேசப்படும். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு மறுபடி படத்துக்கு வருவோம்.

உண்மையைச் சொல்ல வைத்தல்

படம் சோனியரையும் வில்லியையும் ஒன்றாகக் கலந்து மேத்யூ பான்செலெட் என்ற ஒரே பாத்திரமாக்குகிறது. ஷான் பென் நடித்த இந்தப் பான்செலெட் பார்வையாளரின் இரக்கத்தைச் சம்பாதிக்க எந்த முயற்சியும் செய்வதில்லை. இனவெறி பேசுகிறான், ஹிட்லரைப் புகழ்கிறான். நான் யாரையும் கொல்லவில்லை, கூட்டாளிதான் செய்தான், போதையில் இருந்தேன் என்கிறான்.

ஆரம்பச் சந்திப்புகளில் ஒன்றில் அவன் கன்னியாஸ்திரியிடமே சரசப் பேச்சைத் தொடங்குகிறான். ஹெலன் அதிர்ச்சி அடைவதில்லை, புன்னகைத்து மழுப்புவதும் இல்லை. சாவு கழுத்துக்குப் பின்னால் நிற்கும்போதும் உனக்கு இந்த ஆண் விளையாட்டுதானா, எனக்கு மரியாதை கொடு என்று நேராகச் சொல்லிவிடுகிறார். சின்னக் காட்சிதான். ஆனால் சிறை மதப்பணியைப் பற்றிய படங்களில் இது அபூர்வம். எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும் தாயாகவோ தேவதையாகவோ அவர் இங்கே ஆக்கப்படுவதில்லை. பெண்ணைப் பண்டமாகப் பார்க்கும் அந்தப் பார்வைக்கும் அவன் செய்த குற்றத்துக்கும் உறவு உண்டு என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதைத் திருத்தும் வேலை அந்த நிமிடத்திலேயே தொடங்குகிறது.

பாதிரியார் கேட்டது சடங்கை. ஹெலன் கேட்பது உண்மையை. செய்யப்பட்டது, நடந்துவிட்டது, சூழ்நிலை அப்படி என்று வினைச்சொல்லுக்கு எழுவாய் இல்லாமல் பேசிக்கொண்டிருப்பவனை, நான் செய்தேன் என்று சொல்லும் இடத்துக்கு அவர் விடாமல் நகர்த்துகிறார். இயேசு உனக்காக மரித்துவிட்டார் என்று அவன் வசதியாகச் சாய்ந்துகொள்ளப் பார்க்கும்போதும் விடுவதில்லை. மீட்பு இலவச நுழைவுச்சீட்டு அல்ல, உன் பங்கை நீ ஒப்புக்கொண்டாக வேண்டும் என்கிற இறையியல் அவருடையது. குடும்ப வன்முறை, பாலியல் வன்முறை வழக்குகளில் பெண்கள் இத்தனை காலமாகக் கேட்டுவருவதும் இதைத்தானே? ‘கோபத்தில் கை நீண்டுவிட்டது’ என்பதற்குப் பதிலாக ‘நான் அடித்தேன்’ என்று ஓர் ஆண் சொல்ல வேண்டும் என்பதைத்தான். இந்த அளவில் பிரேஜான் செய்யும் பணி எந்தப் பெண்ணியவாதியும் மதிக்கக்கூடியது.

சாவுக்குச் சற்று முன்பு பான்செலெட் ஒப்புக்கொள்கிறான். பையனைக் கொன்றது நான்தான், பெண்ணை வன்புணர்ந்தேன் என்று அழுதுகொண்டே சொல்கிறான்.

மன்னிப்பு யாரிடம் கேட்கப்பட்டது?

இந்த ஒப்புதல் படத்துக்காக உருவாக்கப்பட்டது. புத்தகத்தில் இப்படி ஒரு முழுமையான உடைந்தழுதல் இல்லை. கொன்றது தம்பிதான் என்று சோனியர் கடைசிவரை சொன்னான். குத்தியது கூட்டாளி என்பது வில்லியின் நிலை. அப்படி இருந்தும் அவர்களைக் கொல்லக் கூடாது என்பதுதான் பிரேஜானின் வாதம். கைதி திருந்திவிட்டதால் கொல்லக் கூடாது என்று அவர் எழுதவில்லை. எந்த அரசுக்கும் அந்த உரிமை இல்லை, ஏழைக்குத் திறமையான வழக்கறிஞர் கிடைப்பதில்லை, கொல்லப்பட்டவர் வெள்ளையரா கறுப்பரா என்பதைப் பொறுத்தே தண்டனையின் எடை கூடுகிறது என்று அடுக்குகிறார். படத்திலும் இவை வந்துபோகின்றன. ஆனால் கதையின் அச்சாணி ஒப்புதலாகிவிடுகிறது. அவன் அழுத பிறகுதான் நாம் அவனுக்காக அழத் தொடங்குகிறோம். விஷ ஊசி ஏற்றும் மேசை நிமிர்த்தப்பட்டு, இரு கைகளும் விரிந்த நிலையில் அவன் நிற்பதுபோல் காட்டப்படும்போது, சிலுவையில் இருப்பவன் யார் என்பதில் குழப்பத்துக்கு இடமில்லை.

அந்த நிலையில் அவன் பேசும் கடைசி வார்த்தைகளைப் பார்ப்போம். கொல்லப்பட்ட பையனின் தந்தையைப் பெயர் சொல்லி அழைத்து மன்னிப்புக் கேட்கிறான். உங்கள் மகனை உங்களிடமிருந்து பறித்தது கொடுமை என்கிறான். வன்புணர்ந்து கொல்லப்பட்ட பெண்ணின் பெற்றோரும் அதே கண்ணாடிக்கு அப்பால்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்களிடம் என்ன சொல்கிறாய் என்று தந்தை கேட்கிறார். கேட்ட பிறகுதான் அவர்கள் பக்கம் திரும்புகிறான். என் சாவு உங்களுக்குக் கொஞ்சம் நிம்மதி தரட்டும் என்கிறான். மன்னிப்பு என்ற சொல் அவர்களுக்கு வருவதில்லை. அந்தப் பெண்ணின் பெயர் அவன் வாயில் வருவதில்லை.

இது திரைக்கதை ஆசிரியரின் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. சோனியரின் கடைசி நிமிடங்களைப் பற்றிப் பிரேஜான் எழுதியதிலும் இதே காட்சி இருக்கிறது. அவன் மன்னிப்புக் கேட்டது பையனின் தந்தையிடம். அவரும் தலையசைத்தார். பெண்ணின் தந்தை, அப்போது நான் என்று குரல் எழுப்ப வேண்டியிருந்தது. பிரேஜான் இதை மறைக்காமல் பதிவு செய்திருக்கிறார். ஆனால் அதன் பொருள் என்ன என்று நின்று யோசிக்கவில்லை. ஓர் ஆணின் மகனைக் கொன்றதற்கு இன்னொரு ஆணிடம் மன்னிப்புக் கேட்க முடிகிறது. அங்கே ஒரு மொழி தயாராக இருக்கிறது. ஒரு பெண்ணை வன்புணர்ந்து கொன்றதற்கு எப்படி, யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்பதற்கு அந்த மனிதனிடம் மொழி இல்லை. இத்தனை மாதங்கள் கூட இருந்த ஆன்ம வழிகாட்டியாலும் அந்த மொழியை அவனுக்குத் தர முடியவில்லை.

படத்தின் முடிவும் இதே தடத்தில்தான் போகிறது. கடைசிக் காட்சியில் ஹெலனோடு தேவாலயத்தில் மண்டியிட்டிருப்பவர் பையனின் தந்தை. நிஜத்திலும் அவர் மன்னிப்பின் வழியில் போனவர். புத்தகமும் அவரோடு சேர்ந்து செபிப்பதில்தான் முடிகிறது. பெண்ணின் பெற்றோர் கோபத்தோடு விடப்படுகிறார்கள். முன்பு ஒரு காட்சியில் அவர்கள் ஹெலனைத் தங்கள் பக்கம் வந்துவிட்டவர் என்று நம்பி வரவேற்பறையில் உட்காரவைத்துப் பேசுகிறார்கள். மகளிடம் தான் கடைசியாகச் சொன்னது பாவாடையின் ஓரம் பிரிந்திருக்கிறது என்பதுதான் என்று தாய் நினைவுகூர்கிறார். ஹெலன் இன்னும் கொலைகாரனோடுதான் இருக்கிறார் என்று தெரிந்ததும் வெளியே போகச் சொல்கிறார்கள். அந்தப் பாவாடை ஓரத்துக்குப் படம் பிறகு திரும்பி வருவதே இல்லை. அவளுடைய உடலைத்தான் திரும்பவும் காட்டுகிறது, அவன் சாகும் காட்சியோடு மாற்றி மாற்றி, காட்டுக்குள் நடந்த குற்றமாக. இரண்டு கொலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது நேர்மைதான். ஆனால் அவனுக்கு ஒரு முகம் இருக்கிறது, கடந்தகாலம் இருக்கிறது, தாய் இருக்கிறாள், பயம் இருக்கிறது. அவளுக்கு இருப்பது ஒரு மரணம் மட்டும்.

உயிரோடு இருந்தவள்

இந்தக் கதையில் இன்னொரு பெண்ணும் உண்டு. வில்லியும் கூட்டாளியும் ஃபெய்த் ஹாத்வேயைக் கொன்ற சில நாட்களில் 16 வயதுச் சிறுமி ஒருத்தியையும் அவளுடைய காதலனையும் கடத்தினார்கள். பையனைச் சாகும் நிலையில் விட்டுவிட்டு, சிறுமியைப் பலமுறை வன்புணர்ந்தார்கள். அவள் தப்பிப் பிழைத்தாள், நீதிமன்றத்தில் சாட்சி சொன்னாள். பிரேஜானின் புத்தகத்தில் அவள் பெயரில்லாமல் சில வரிகளில் கடந்துபோகிறாள். இரண்டு ஆண்களை ஒருவனாக்கிய படத்திலோ அவள் முற்றாக இல்லை. கதையிலிருந்த ஆண்களில் ஒருவன்கூடக் காணாமல் போகவில்லை. காணாமல் போனவள், உயிரோடு இருந்து பேசக்கூடிய பெண்.

அந்தப் பெண் டெபி மோரிஸ். 1998இல் ‘ஃபர்கிவிங் த டெட் மேன் வாக்கிங்’ என்ற புத்தகத்தைத் தன் பெயரில் வெளியிட்டார். செத்துப்போகப்போகிறவனை மன்னித்தல் என்ற அந்தத் தலைப்பே பிரேஜானின் புத்தகத்துக்கு ஒரு பதில். வில்லி கொல்லப்பட்டதால் தன் காயம் ஆறவில்லை, நீதி தன்னைக் குணப்படுத்தவில்லை, மன்னித்ததுதான் குணப்படுத்தியது என்கிறார் அவர். மரண தண்டனைக்கு எதிரானவர்கள் இந்த ஒரு கருத்தை மட்டும் எடுத்து மேற்கோள் காட்டுவார்கள். புத்தகத்தை முழுதாகப் படித்தால் அந்த மன்னிப்புக்குப் பின்னால் பல ஆண்டுகள் கிடக்கின்றன. பயம், குடி, கடவுள் மீதே கோபம். அவனுக்கு ஒரு நன்மையாக அவர் மன்னிக்கவில்லை. தன் வாழ்க்கையை அவனிடமிருந்து மீட்டுக்கொள்வதற்காக மன்னித்தார். மன்னிக்கும்படி யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவன் கேட்கவே இல்லை.

வில்லிக்கு ஓர் ஆன்ம வழிகாட்டி இருந்தார். அந்தச் சிறுமிக்கு யார் இருந்தார்கள்? இந்தக் கேள்வியைப் பிரேஜான் பின்னாளில் தன்னிடமே கேட்டுக்கொண்டவர் என்பதைச் சொல்லியாக வேண்டும். பாதிக்கப்பட்டவர்களின் குடும்பங்களைத் தொடக்கத்திலேயே போய்ப் பார்க்காதது தன் தவறு என்று புத்தகத்திலேயே ஒப்புக்கொள்கிறார். நியூ ஆர்லியன்ஸில் கொலையானவர்களின் குடும்பங்களுக்காக ஓர் அமைப்பையும் தொடங்கினார். ஆனாலும் சிறை மதப்பணியின் அடிப்படை அமைப்பு அப்படியேதான் இருக்கிறது. ஒரு பக்கம் கைதி, மறுபக்கம் கடவுளின் பிரதிநிதி. மூன்றாவது நாற்காலி அந்த அறையில் கிடையாது.

நம் நாட்டில் ஒரு முறை அந்த மூன்றாவது நாற்காலியில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். கேரளத்தைச் சேர்ந்த அருட்சகோதரி ராணி மரியா மத்தியப் பிரதேசத்தில் நிலமற்றவர்களோடு வேலை செய்தவர். 1995 பிப்ரவரி 25 அன்று ஓடும் பேருந்தில் குத்திக் கொல்லப்பட்டார். அவருடைய தங்கை, அவரும் கன்னியாஸ்திரிதான், சிறைக்குப் போய்க் கொலையாளியின் கையில் ராக்கி கட்டினார். குடும்பமே அவனை மன்னித்து, அவன் விடுதலைக்கு உதவியது. 2006இல் அவன் வெளியே வந்தான். பெரிய செயல்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கதை மேடைகளில் சொல்லப்படும் விதத்தைக் கவனியுங்கள். மன்னித்த தங்கை ஒளிர்கிறார், திருந்திய தம்பி ஒளிர்கிறான். நிலம் யாருடையது, கொலையை ஏவிய உள்ளூர் ஆதிக்கம் யாருடையது என்ற கேள்விகள், அதாவது ராணி மரியா எதற்காகச் செத்தாரோ அது, பின்னால் போய்விடுகிறது. மன்னிப்பு பெண்ணின் இயல்பு என்று ஏற்கெனவே நம்பும் சமூகத்தில், மன்னிக்கும் பெண்ணைக் கொண்டாடுவது மன்னிக்காத பெண்ணைக் குற்றவாளியாக்கும். மன்னிக்க மறுக்கும் உரிமையும் சேர்ந்திருந்தால்தான் மன்னிப்புக்கு மதிப்பு.

திருந்திய பெண்ணின் கதை

கைதி பெண்ணாக இருந்தால் என்ன ஆகும்? பிரேஜான் இரண்டு ஆண்களின் சாவைப் பார்த்த அதே 1984இல், நவம்பர் 2 அன்று, வட கரோலினாவில் வெல்மா பார்ஃபீல்ட் விஷ ஊசியால் கொல்லப்பட்டார். 52 வயதுப் பாட்டி, நஞ்சு வைத்துக் கொன்றவர். சிறைக்குள் தீவிரக் கிறிஸ்தவராகி, மற்றப் பெண் கைதிகளுக்கு ஆறுதலாக இருந்தவர். அவரை அடுத்து அமெரிக்காவில் கொல்லப்பட்ட பெண் கார்லா ஃபே டக்கர், 1998 பிப்ரவரி 3, டெக்சாஸ்.

1983இல் ஹூஸ்டனில் இருவரைக் கோடரியால் கொன்றவர் டக்கர். விசாரணைக் கைதியாக இருந்தபோது, சிறைக்கு வந்த ஊழியக் குழு வைத்திருந்த வேதப்புத்தகத்தை, இலவசம் என்று தெரியாமல் திருடி எடுத்துவந்து வாசித்து மனம் மாறினார் என்பது அவரே சொன்ன கதை. பின்பு சிறை ஊழியத்தில் இருந்த ஒருவரையே மணந்தார். சிறை மதப்பணி எதையெல்லாம் சாதிக்க முடியும் என்று சொல்லிக்கொள்கிறதோ அத்தனைக்கும் டக்கர் உதாரணம். ஒப்புக்கொண்டார், வருந்தினார், பதினான்கு ஆண்டுகள் நன்னடத்தையோடு இருந்தார். மரண தண்டனையை ஆதரிக்கும் வலதுசாரி மதபோதகர்களே அவரைக் கொல்லாதீர்கள் என்று கேட்டார்கள். பொதுமன்னிப்புக் குழுவும் ஆளுநர் ஜார்ஜ் புஷ்ஷும் மறுத்துவிட்டார்கள்.

அந்த நாட்களில் தொலைக்காட்சி டக்கரின் சிரித்த முகத்தையும் மென்மையான குரலையும் விடாமல் காட்டியது. இவளா கோடரி எடுத்தாள் என்ற வியப்புதான் அத்தனை கவனத்துக்கும் காரணம். பெண் என்பதற்காகச் சலுகை வேண்டாம் என்று அவரே சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. திருந்திய கைதியைவிட, பெண்ணாகத் திரும்பி வந்த ஒருத்தியைத்தான் பார்வையாளர்கள் பார்த்தார்கள்.

2005 செப்டம்பரில் அதே டெக்சாஸ் ஃபிரான்சிஸ் நியூட்டனைக் கொன்றது. கறுப்பினப் பெண். கணவரையும் இரண்டு குழந்தைகளையும் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டவர். நான் செய்யவில்லை என்று கடைசிவரை சொன்னார். டக்கருக்குக் கிடைத்த கவனத்தில் சிறு பங்குகூட அவருக்குக் கிடைக்கவில்லை. மனந்திரும்புதலை உயிரின் விலையாக வைக்கும் முறையில், குற்றத்தை மறுப்பவருக்கு இடமே இல்லை. நிரபராதியாக இருந்தால் இன்னும் மோசம். வருந்த எதுவும் இல்லாதவர் கல்நெஞ்சக்காரராகிவிடுகிறார்.

டக்கரும் நியூட்டனும் சேர்ந்து ஒரு விஷயத்தைத் தெளிவாக்குகிறார்கள். திருந்தியதற்கான சான்றிதழ் யாருடைய உயிரையும் காப்பாற்றவில்லை, ஆனால் யாருக்கு இரக்கம் காட்டலாம் என்று வடிகட்டும் வேலையை மட்டும் அது செய்தது.

சான்றிதழ் தருவது யார்?

இது அமெரிக்கச் சங்கதி என்று புத்தகத்தை மூடிவைக்க நம்மால் முடியாது. இந்தியாவில் பாலியல் வன்முறை பற்றிய பேச்சு இரண்டு கோடிகளுக்கு நடுவே ஊசலாடுகிறது. ஒரு கோடியில் தூக்கு. 2012 டெல்லி வழக்கையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி வர்மா குழு, 2013 ஜனவரியில் தந்த அறிக்கையில் வன்புணர்வுக்கு மரண தண்டனையைப் பரிந்துரைக்கவில்லை. பெண்கள் அமைப்புகளும் அதை எதிர்த்தே பேசின. அரசு கேட்கவில்லை. 2019 டிசம்பரில் ஹைதராபாதில் நால்வர் போலீஸ் துப்பாக்கியால் கொல்லப்பட்டபோது காவலர்கள் மேல் பூத்தூவினார்கள். 2020 மார்ச் 20 அன்று திகாரில் நால்வர் தூக்கிலிடப்பட்டார்கள்.

மறுகோடியில் ‘நன்னடத்தை’. 2022 ஆகஸ்ட் 15 அன்று பில்கிஸ் பானு வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற 11 பேரைக் குஜராத் அரசு விடுதலை செய்தது. அவர்களுக்கு மாலை போட்டு இனிப்பு ஊட்டினார்கள். விடுதலையைப் பரிந்துரைத்த குழுவில் இருந்த சட்டமன்ற உறுப்பினர் ஒருவர், அவர்கள் பிராமணர்கள், நல்ல சம்ஸ்காரம் உள்ளவர்கள் என்றார். திருந்திவிட்டார்கள் என்பதற்குச் சாதியே சாட்சியாகிவிட்டது. இந்த முடிவை எடுப்பதற்கு முன்பு என் பாதுகாப்பைப் பற்றி யாரும் என்னைக் கேட்கவில்லை என்றார் பில்கிஸ். 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து அவர்களைத் திரும்பச் சிறைக்கு அனுப்பியது.

தூக்குக் கயிறும் மாலையும் பார்வைக்கு எதிரெதிரானவை. இரண்டிலும் முடிவெடுக்கும் இடத்தில் பாதிக்கப்பட்ட பெண் இல்லை. இரண்டிலும் குற்றவாளி ‘நான் இதைச் செய்தேன்’ என்று அவளுக்கு எதிரே நின்று சொல்ல வேண்டிய தேவை இல்லை. ஒன்றில் அவன் வாயை அடைத்துவிடுகிறோம். மற்றதில் அவன் வாயில் இனிப்பை வைத்துவிடுகிறோம்.

இந்த இடத்தில் நின்று பார்க்கும்போதுதான் பிரேஜானிடமிருந்து எதை எடுத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று தெளிகிறது. எவ்வளவு கொடியவனாக இருந்தாலும் ஒருவனோடு உட்கார்ந்து அவன் பொய்களை ஒவ்வொன்றாகக் கழற்றும் பொறுமை எடுத்துக்கொள்ள வேண்டியது. திருந்தினாலும் திருந்தாவிட்டாலும் அரசு கொல்லக் கூடாது என்ற நிலைப்பாடும் அப்படியே. விட வேண்டியது, அவன் கண்ணீர் வந்ததும் கதை முடிந்துவிட்டது என்ற எண்ணம். சிறைக்குள் போகும் மதப்பணியாளர் ஆணோ பெண்ணோ, எந்த மதத்தவரோ, அவரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி அவன் எத்தனை முறை செபித்தான் என்பது அல்ல. அவள் பெயரை அவன் சொன்னானா, அவளுக்கு என்ன செய்தான் என்பதைச் சொன்னானா, கேட்க அவள் விரும்பினால் அது அவளை எட்டியதா, விரும்பாவிட்டால் அவளை நிம்மதியாக விட்டார்களா என்பதுதான்.

இந்தக் கேள்விகளோடு பார்த்தால் ‘டெட் மேன் வாக்கிங்’ இன்றும் பார்க்க வேண்டிய படம்தான். கல்லூரியில் அதைத் திரையிடும் மாணவிகள் கூடவே டெபி மோரிஸின் புத்தகத்தையும் மேசைமேல் வைக்கட்டும். முதல் புத்தகத்தில் பெயரில்லாமல் போன பெண், இரண்டாவதில் அட்டையிலேயே தன் பெயரோடு இருக்கிறார்.